ரிப்பன் ட்வீட்டரைப் பழுதுபார்க்கக் கொடுக்கிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

கோலாலம்பூரில் ரிப்பன் ட்வீட்டர் (மெல்லிய அலுமினிய நாடா அதிர்ந்து மேல்சுரங்களைத் தரும் பகுதி) உள்ள ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் அதிலும் கொஞ்சம். இந்த இடைவெளியில்தான் சிலர் பிழைப்பு நடத்துகிறார்கள்.

என் வலப்பக்க ஸ்பீக்கர் கரகரத்தது. உள்ளே இருக்கும் அலுமினிய ரிப்பன் நாளாவட்டத்தில் தொய்ந்து காந்தத்தில் உரசியிருக்கிறது. இது சகஜம்தான். செராஸ் பக்கம் ஒரு கடையில் கொடுத்தேன். "இது புது டெக்னாலஜி அண்ணே, சாமான் வெளியூரிலிருந்துதான் வரணும்" என்றார். (1924லேயே ஷாட்கி, கெர்லாக் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஜெர்மனியில் செய்து காட்டிய சங்கதி. புதுசாம்!) 1,400 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார். ரசீதில் 'அசல் ரிப்பன்' என்றே எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் போட்டுக் கேட்டால் கரகரப்பு இல்லை, ஆனால் ஜால்ரா சத்தம் முழுக்க இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. ஆம்ப்ளிஃபயரில் இடது வலது வயர்களை மாற்றிப் போட்டேன். மங்கல் அதே பெட்டியிலேயே நின்றது. டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. இடப்பக்க ரிப்பனில் மடிப்புகள் பொடிப்பொடியாக, ஒரே சீராக இருந்தன. வலப்பக்கத்தில் ஒன்று அகலம், ஒன்று குறுகல், நடுவில் நகம் பட்ட தடம். நுனியில் பசை வழிந்து காய்ந்திருந்தது.

ஜாலான் பாசாரில் தெரிந்த டெக்னீஷியன் அதைக் கழற்றி மைக்ரோமீட்டரில் அளந்தார். 16 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தயாரிப்பாளர் சொல்வது 6. கடையில் சுருளாக விற்கும், கோழி சுடச் சுற்றுகிற அதே அலுமினியத் தாள்!

கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "தடிப்பா இருந்தா நல்லா உழைக்கும்தானே அண்ணே?" என்றார் கூசாமல்.

உழைக்காது. சாதாரண ஸ்பீக்கரில் மின்சாரம் ஓடும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் என்று ரிப்பனில் தனியாக ஒன்று கிடையாது. மின்சாரம் ஓடுவதும் அந்தத் தாளில்தான், அதிர்வதும் அதுதான். எடை இரண்டரை மடங்குக்கு மேல் ஏறினால் மேல்சுரம் எழும்பாது. மின்தடையும் இறங்கிவிடும், ஏற்கெனவே ஒரு ஓமுக்கும் குறைவு என்பதால்தான் ஆம்ப்ளிஃபயரோடு பொருந்த உள்ளே சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வைக்கிறார்கள், அதன் கணக்கும் கெடும். ரிப்பனுக்கு ஆயுள் தருவது தடிப்பு அல்ல. சீரான மடிப்பு கொடுக்கிற நெகிழ்வும், இரு நுனியிலும் இருக்கும் பிடிப்பும்தான். கூடுதல் உறுதி வேண்டும் என்று நினைக்கும் தயாரிப்பாளர்கள்கூட மெல்லிய அலுமினியத்தைக் காப்டன் என்ற பிளாஸ்டிக் படலத்தில் ஒட்டுவார்களே தவிர, தடித்த தாளைத் தேடிப் போவதில்லை. ரிப்பனுக்கு எமன் வேறு: வேக்குவம் கிளீனர் குழாய், வாயால் ஊதுவது, அளவுக்கு மீறிய வால்யூம், காந்தம் இழுத்துக்கொள்ளும் இரும்புத்தூள்.

கழற்றிய பழைய ரிப்பன் எங்கே என்றால், "குப்பையில போட்டாச்சு." ஆகவே, கொடுக்கும்போதே பழையது திரும்ப வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புது ரிப்பனின் தடிமனும் எதனால் ஆனது என்பதும் ரசீதில் வரட்டும். வேலைக்கு முன்னும் பின்னும் டார்ச் வெளிச்சத்தில் படம் எடுங்கள். பொருளைப் பற்றித் தெரியாதவருக்கும் வித்தியாசம் கண்ணில் படும்.

கடைக்காரர் முந்நூறு வெள்ளி திருப்பித் தருவதாகச் சொல்லிப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கோரலாம். ரசீதும் அந்த 16 மைக்ரான் தாளும் மனுவோடு இருக்கின்றன. புது ரிப்பனைத் தயாரிப்பாளரிடமே நேரடியாக ஆர்டர் செய்துவிட்டேன், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஜோடியாக.