மஞ்சள் வேனும் பினாங்கு மழையும்: ஹையேஸோடு சில வருடங்கள்

பள்ளி வேன் ஓட்டலாம் என்று யோசிக்கிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, “ஹையேஸ் மழைக்கு எப்படி அண்ணே?” என்பதுதான். ஹையேஸ் என்பது டொயோட்டாவின் வேன். வண்டி நன்றாகவே இருக்கிறது. மழையில் சிரமம் தருவது கண்ணாடியும் டயரும். அவற்றை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என்னுடையது 2.5 லிட்டர் டீசல், பின்சக்கர இழுவை. பழைய வண்டியாகத்தான் வாங்கினேன். பினாங்கில் ஆயர் ஈத்தாம், பாயா தெருபோங், ஜெலுத்தோங் பக்கம் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறேன். இங்கே செப்டம்பரிலிருந்து நவம்பர் வரைதான் மழை உச்சம். மாலை மழை எல்லாருக்கும் தெரிந்தது. விடிகாலையில் சுமத்ரா பக்கமிருந்து கடலைத் தாண்டி வரும் சூறைக்காற்று மழைதான் நமக்குத் தலைவலி, சரியாகப் பிள்ளைகளை ஏற்றும் நேரத்தில் வந்து நிற்கும்.

முதலில் கண்ணாடி. நனைந்த பிள்ளைகள், நனைந்த பைகள், எல்லார் மூச்சும் சேர்ந்து ஐந்து நிமிடத்தில் சன்னலெல்லாம் வெளுத்துவிடும். குளிருகிறது என்று பிள்ளைகள் ஏர்கோனை அடைக்கச் சொல்வார்கள், அடைத்தால் இன்னும் மோசம். ஏர்கோன்தான் காற்றில் இருக்கும் ஈரத்தை எடுக்கிறது. அதை ஓடவிட்டு, காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்பி, உள்காற்றே சுற்றும் பொத்தானை அணைத்துவிடுங்கள். ஆனால் நம் ஊரில் ஆவி வெளிப்பக்கமும் படியும். வைப்பரை ஒரு தடவை போட்டுப் பாருங்கள், போய்விட்டால் அது வெளி ஆவி. கண்ணாடி அளவுக்கு மேல் குளிர்ந்துவிட்டது என்று அர்த்தம், ஏர்கோன் குளிரைக் குறைத்தால் சரியாகிவிடும். உள்கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆவி சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். வாரக் கடைசியில் நல்ல துணியால் துடைப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. மழைச்சட்டைகளைப் போட ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளியைப் பின்னால் வைத்த பிறகு பாதி ஈரம் குறைந்தது. செலவே இல்லாத வேலை இது.

வைப்பர் ரப்பர் மழையில் தேய்வதைவிட வெயிலில்தான் அதிகம் கெடுகிறது. வண்டியை வெட்டவெளியில் நிறுத்துகிறவர்கள் செப்டம்பருக்கு முன்னால் மாற்றிவிடுவது நல்லது. கோடு கோடாகத் துடைக்கும் வைப்பரோடு இருட்டு மழையில் ஓட்டுவது வீண் வீரம்.

டயரில் மட்டும் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. சட்டப்படி டயர் பட்டையின் கோடுகள் 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் போதும். என் கணக்கில் 3 மில்லிமீட்டர் வந்ததும் மாற்றிவிட வேண்டும். அதற்குக் கீழே போனால் பட்டைக் கோடுகள் தண்ணீரை வெளியே தள்ளத் திணறும், வண்டி சாலையை விட்டுத் தண்ணீர் மேல் ஏறிக்கொள்ளும். பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 3222 என்றிருந்தால் 2022-ஆம் வருடத்தின் 32-ஆவது வாரம் செய்த டயர். பட்டை நன்றாகத் தெரிந்தாலும் ரப்பர் வயதாகி இறுகியிருக்கலாம். இரண்டு மட்டும் புதிதாக வாங்கினால் பின்னால் போடச் சொல்வேன், பட்டறையில் பலர் முன்னால்தான் போடுவார்கள். பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்ட பிறகு ஹையேஸின் பின்பக்கம் லேசாகிவிடும். பாயா தெருபோங் இறக்கத்தில் காலி வண்டியைத்தான் நான் அதிகப் பயத்தோடு ஓட்டுகிறேன்.

வண்டி ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் புஸ்பகோம் சோதனை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வரும். அதில் தேறினால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது அன்றைய நிலைக்கு மட்டும்தான்.

வெள்ளம் வேறு கதை. 2017 நவம்பர் 4, 5-இல் பினாங்கு மூழ்கியது சனி, ஞாயிறாகப் போனது நம் அதிர்ஷ்டம். ஜாலான் பி. ரம்லி பக்கம் கடல் ஏற்றமும் மழையும் ஒன்றாக வந்தால் சுங்கை பினாங்கு ஆற்றுத் தண்ணீர் வடிய வழியில்லாமல் நிற்கும். அதனால் கிளம்பும் முன் வானிலை இலாகாவின் எச்சரிக்கை, பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர் என்ற அரசாங்க வெள்ளத் தகவல் தளத்தில் ஆற்று மட்டம், கடல் ஏற்ற நேரம் மூன்றையும் பார்த்துவிடுவேன். சாலையோரக் கல் தண்ணீருக்குள் மறைந்துவிட்டால் இறங்க மாட்டேன், சுற்றுவழிதான். “அண்ணே, எங்கே இருக்கீங்க?” என்று வாட்ஸாப்பில் பெற்றோர் கேட்பார்கள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் பதில் போடுவேன். தண்ணீரைக் கடந்து வந்தால் மெதுவாகப் போய்க்கொண்டே பிரேக்கை லேசாக அழுத்தி அழுத்தி உலர்த்த வேண்டும். மழையில் நான்கு சிக்னல் விளக்கையும் சிமிட்டிக்கொண்டே ஓட்டும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. பின்னால் வருகிறவனுக்கு நாம் திரும்பப் போகிறோமா, நின்றுவிட்டோமா என்றே தெரியாது. முன்விளக்கு போதும்.

ஏறும் படியில் சொரசொரப்பான நாடா ஒட்டியிருக்கிறேன், கால் வழுக்குவது நின்றது. சறுக்குக் கதவின் தண்டவாளத்தில் சேறு சேர்ந்தால் கதவு கனக்கும், சின்னப் பிள்ளைகளால் இழுக்க முடியாது. மழை வாரத்தில் அதைக் கழுவிவிடுவேன். ரிவர்ஸ் கேமரா மழையில் உதவவில்லை, லென்ஸில் துளி நின்றால் எல்லாம் மங்கல். பள்ளி வாசலில் பிள்ளைகள் குடைக்குள் தலையை விட்டுக்கொண்டு ஓடுவதால் அங்கே நான் ரிவர்ஸே போடுவதில்லை. இன்னொரு சுற்று சுற்றி வந்து முன்பக்கமாகவே நிறுத்துகிறேன்.