பழைய பிராசசரில் ஓவர்கிளாக்: மல்டிபிளையரா, பேஸ் கிளாக்கா? நிலையான வோல்டேஜா, ஆஃப்செட்டா?

பழைய டெஸ்க்டாப்பை ஓவர்கிளாக் செய்ய, அதாவது பிராசசரை அதற்குக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்ட, உட்காருகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை கிகாஹெர்ட்ஸ் வரை போகும்?" என்பதைத்தான். அதற்கு முன்னால் எந்த வழியில் ஏற்றப்போகிறோம் என்று முடிவு செய்துவிடுவது நல்லது. ஒவ்வொரு வழியும் கம்ப்யூட்டரின் வெவ்வேறு பாகத்தைச் சோதனைக்கு உள்ளாக்குகிறது. எந்தப் பாகத்தைத் தொட்டோமோ அதற்கேற்ற டெஸ்டைத்தான் ஓட்ட வேண்டும். விடிய விடிய டெஸ்ட் ஓடித் தேறிய சிஸ்டம், மறுநாள் ஒரு பிரவுசர் மட்டும் திறந்திருக்கும்போது உறைந்துபோவதற்குப் பெரும்பாலும் இந்தப் பொருத்தம் தவறியதே காரணம்.

முதலில் வேகத்தை ஏற்றும் வழி. பிராசசரின் வேகம் என்பது பேஸ் கிளாக்கையும் (போர்டு தரும் அடிப்படைத் துடிப்பு) மல்டிபிளையரையும் (அதை எத்தனை மடங்காக்குவது என்ற எண்) பெருக்கிய தொகை. 2007-இல் வந்த கோர் 2 குவாட் க்யூ6600-இல் பேஸ் கிளாக்காக இருக்கும் எஃப்எஸ்பி (பிராசசரைப் போர்டோடு இணைக்கும் பாதை) 266 மெகாஹெர்ட்ஸ், மல்டிபிளையர் 9, ஆக 2.4 கிகாஹெர்ட்ஸ். இதில் மல்டிபிளையரைக் குறைக்கலாம், 9-க்கு மேல் ஏற்ற முடியாது. அதனால் எஃப்எஸ்பியை ஏற்றுவதுதான் ஒரே வழி. 333-இல் 3.0 கிகாஹெர்ட்ஸ், 400-இல் 3.6. எஃப்எஸ்பியை ஏற்றினால் கூடவே நார்த்பிரிட்ஜும் (பிராசசரையும் ராமையும் இணைக்கும் சிப்) ராமும் ஏறும். 1:1 விகிதத்தில் 400 வைத்தால் ராம் டிடிஆர்2-800 வேகத்தில் ஓடும். போர்டில் இருப்பது டிடிஆர்2-667 என்றால் அதையும் சேர்த்தே ஓவர்கிளாக் செய்துவிட்டோம். பிறகு சிஸ்டம் விழுந்தால் குற்றவாளி பிராசசரா, ராமா, நார்த்பிரிட்ஜா என்று தெரியாது.

இந்தக் குழப்பத்தைப் பிரிக்க ஓர் அருமையான வழி உண்டு. எஃப்எஸ்பியை 400-க்கு ஏற்றும்போதே மல்டிபிளையரை 6-க்கு இறக்கிவிடுங்கள். 400 × 6 = 2400. கோர் பழைய வேகத்திலேயே ஓடுகிறது. போர்டும் ராமும் மட்டும் புதிய வேகத்தில். இந்த நிலையில் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ பிழையில்லாமல் முடிந்து, பிராசசரை முழு லோடில் வைத்துச் சோதிக்கும் பிரைம்95-இன் பிளெண்ட் டெஸ்டும் (ராமையும் சேர்த்துச் சோதிப்பது) தாங்கினால் போர்டை நம்பலாம். அப்புறம் மல்டிபிளையரை ஒவ்வொன்றாக ஏற்றும்போது வரும் பிழைக்குக் கோரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பிசிஐ எக்ஸ்பிரஸ் (கிராஃபிக்ஸ் கார்டு போன்றவற்றின் இணைப்பு) கிளாக்கை 100-இல் பூட்டிவைக்க மறக்கக் கூடாது.

2011-இல் வந்த ஐ5-2500கே நேர் எதிர். அதன் தலைமுறையான சாண்டி பிரிட்ஜில் பிசிஐ எக்ஸ்பிரஸ், சாட்டா, யுஎஸ்பி எல்லாவற்றுக்குமான கிளாக் சிப்செட்டுக்குள் ஒரே மூலத்திலிருந்து வருகிறது. பேஸ் கிளாக்கை 100-இலிருந்து சில சதவீதம் தாண்டினாலே ஹார்டு டிஸ்க் வரை தகராறு செய்யும். அதில் கிடைக்கும் நூறு இருநூறு மெகாஹெர்ட்ஸுக்காக டிஸ்க்கில் இருக்கும் தரவைப் பணயம் வைக்க வேண்டாம். மல்டிபிளையரை 33-இலிருந்து 44-க்கு மாற்றினால் கோர் மட்டும் ஏறுகிறது, மற்றதெல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறது. பி67, இசட்68 போன்ற சிப்செட் உள்ள மதர்போர்டு மட்டும் வேண்டும். எச்61, எச்67 போர்டுகளில் மல்டிபிளையர் பூட்டப்படாத கே பிராசசர் இருந்தும் பயனில்லை.

ஏஎம்டியின் எஃப்எக்ஸ்-8350-இல் இரண்டு வழியும் திறந்திருக்கிறது: 200 × 20 = 4.0 கிகாஹெர்ட்ஸ். இதிலும் என் தேர்வு மல்டிபிளையர்தான். ஆனால் 125 வாட் பிராசசர் இது. விஆர்எம்முக்கு (பிராசசருக்கு வோல்டேஜ் கொடுக்கும் சுற்று) ஹீட்சிங்க் கூட இல்லாத மலிவான போர்டில் பிராசசருக்கு முன்பே விஆர்எம் சூடாகி வேகத்தை இழுத்துப் பிடிக்கும்.

அடுத்தது வோல்டேஜ். வோல்டேஜை எப்படிக் கொடுக்கிறோம் என்பதுதான் ஸ்டேபிளா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. பிராசசர் வேலை செய்யும்போது செலவழிக்கும் மின்சக்தி வேகத்தோடு நேர்விகிதத்திலும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறுகிறது. 2500கே 3.3-இலிருந்து 4.4 கிகாஹெர்ட்ஸுக்குப் போவது மூன்றில் ஒரு பங்கு கூடுதல். அதற்காக 1.20-ஐ 1.32 வோல்ட் ஆக்கினால் அது தனியாக 21 சதவீதம். இரண்டும் பெருகி, சூடு ஏறக்குறைய 60 சதவீதம் அதிகம்.

நிலையான வோல்டேஜ் முறையில் நீங்கள் சொன்ன எண்தான் எப்போதும் போகும். லோடு ஏறும்போது அது கொஞ்சம் சரியும். அதைத் தாங்கிப் பிடிக்கத்தான் லோட்லைன் கேலிபரேஷன். இந்த முறையில் சிஸ்டம் விழுவது பெரும்பாலும் முழு லோடில், வோல்டேஜ் சரிந்த இடத்தில். பிரைம்95-இன் ஸ்மால் எஃப்எஃப்டி டெஸ்ட் அதைச் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும்: கோருக்கு ஒன்றாக ஓடும் நான்கு வொர்க்கரில் ஒன்று, கணக்கு தவறி, ரவுண்டிங் பிழையோடு நின்றுவிடும், மற்ற மூன்றும் ஓடிக்கொண்டிருக்கும். திரையைப் பார்க்காதவர் டெஸ்ட் தேறிவிட்டது என்றே நினைப்பார். நீலத்திரை வந்து குறியீடு 124 அல்லது 101 என்று முடிந்தால், சாண்டி பிரிட்ஜ் தலைமுறையில் முதலில் சந்தேகிக்க வேண்டியது கோர் வோல்டேஜ் போதாமையை.

ஆஃப்செட் முறை பிராசசர் தானே கேட்கும் வோல்டேஜோடு ஒரு சிறு அளவைக் கூட்டும் அல்லது கழிக்கும். சும்மா இருக்கும்போது 2500கே 1.6 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கும், வோல்டேஜும் கூடவே இறங்கும். நாள் முழுக்க ஓடும் சிஸ்டத்துக்கு இதுதான் சரி. ஆனால் கழித்த அளவு கீழ்நிலையிலும் கழிக்கப்படும். அதனால் லோடில் மலை போல் நிற்கும் சிஸ்டம், யாரும் தொடாத நேரத்தில் ரீஸ்டார்ட் ஆகும். இதைப் பிரைம்95 கண்டுபிடிக்கவே முடியாது. ஓர் இரவு சும்மா விடுவது, ஸ்லீப்பில் போட்டு எழுப்புவது, லேசான வேலை கொடுத்து நிறுத்துவது எல்லாம் இங்கே தேவையான டெஸ்ட்.

இப்படி விழும் சிஸ்டத்தில் பலரும் லோட்லைனை உச்சத்தில் வைத்திருப்பார்கள். லோடில் வோல்டேஜ் சரியவே இல்லை என்பதால் ஆஃப்செட்டை ஆழமாகக் கழித்திருப்பார்கள். லோட்லைனை ஒரு படி இறக்கி, அதனால் லோடில் குறையும் அளவை ஆஃப்செட்டில் திருப்பிக் கொடுங்கள். முழு லோடு வோல்டேஜ் மாறாது. சும்மா இருக்கும்போது மட்டும் சற்று உயரும். லோடு சட்டென்று விலகும் நொடியில் வோல்டேஜ் குதிப்பதும் குறையும். அந்தக் குதிப்பு சாதாரண மானிட்டரிங் மென்பொருளில் தெரியாது.

இரண்டில் எது என்றால், எல்லையைத் தேட நிலையான வோல்டேஜ், குடியிருக்க ஆஃப்செட். 1.32-இல் 4.4 நின்றது என்று கண்டுபிடித்த பிறகு, லோடில் அதே அளவு தெரியும்படி ஆஃப்செட்டைச் சரிசெய்தால் போதும். 2013-இன் ஹாஸ்வெல்லில் ஒரு கவனம்: அடாப்டிவ் முறையில் (வேகத்துக்கேற்ப பிராசசரே வோல்டேஜை அமைத்துக்கொள்ளும் முறை) ஏவிஎக்ஸ் எனும் கனமான கணக்குக் கட்டளைகளைப் பயன்படுத்தும் சோதனைகள் ஓடினால் பிராசசர் தானாகவே வோல்டேஜை ஏற்றிக்கொள்ளும். அங்கே ஸ்ட்ரெஸ் டெஸ்டை நிலையான வோல்டேஜில் முடித்துக்கொள்ளுங்கள்.

கூலரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல டவர் ஏர் கூலரும் புதிதாகத் தடவிய தெர்மல் பேஸ்டும் 2500கே-வுக்குத் தாராளம். அந்தப் பிராசசரின் மூடி உள்ளே சால்டர் செய்யப்பட்டது. அடுத்து வந்த 3770கே-வில் உள்ளே பேஸ்ட்தான் என்பதால் அதே கூலரில் சூடு அதிகம் தெரியும்.

சில வருடம் 4.5-இல் ஓடிய சிப் ஒருநாள் தடுமாற ஆரம்பிக்கலாம். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் திருத்தப்பட்ட ஹார்டுவேர் பிழை என்ற எச்சரிக்கை சேரத் தொடங்குவது அதற்கு அடையாளம். முதலில் தூசியையும் பேஸ்டையும் பாருங்கள். அது சரியாக இருந்தால் இரண்டு வழி: வோல்டேஜைக் கூட்டுவது, அல்லது மல்டிபிளையரை 45-இலிருந்து 44 ஆக்குவது. வோல்டேஜைக் கூட்டினால் தேய்மானம் இன்னும் வேகமாகும், அதே பிழை திரும்பி வரும். 44-க்கு இறங்குவதில் போவது இரண்டேகால் சதவீதத்துக்கும் குறைவு. நான் 44-ஐத்தான் எடுப்பேன்.