சின்னம்மாவின் தூளும் என் பெயரில் கிடந்த பதிவும்

இந்த முறை ஊருக்குப் போனது கோயிலுக்கோ கலியாணத்துக்கோ இல்லை. என் பெயரில் கிடந்த ஒரு வர்த்தகக் குறியைச் சின்னம்மாவுக்கு மாற்றிக் கையெழுத்து வைப்பதற்காகத்தான் ரொறன்ரோவிலிருந்து வன்னியிலுள்ள விசுவமடுவுக்குப் போனேன். வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரிலுள்ள சொந்தங்களின் தொழிலுக்குக் காசு போட்ட பலருக்கு இது தேவைப்படும் என்பதால், நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

சின்னம்மா கறித்தூள் செய்து விற்கிறா. 2010 இல் செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது அவவிடம் இருந்தது ஒரு தாச்சியும் ஒரு தகரக் கொட்டிலும்தான். முதலில் அயலுக்குக் கொடுத்தா, பிறகு கிளிநொச்சிச் சந்தைக்கு. பிறகு லேபல் ஒட்டிய பக்கற்றாக ஏ9 வீதிக் கடைகளுக்கும் போகத் தொடங்கியது. பக்கற்றின் பெயர் எங்கள் அம்மம்மாவின் செல்லப்பெயர். 2015 இல் நான்தான் "பெயரைப் பதிஞ்சு வைப்பம்" என்று சொல்லி, கொழும்பில் ஒரு முகவரைப் பிடித்து, காசும் அனுப்பினேன். விண்ணப்பத்தில் உரிமையாளர் என்று என் பெயரைப் போடச் சொன்னதும் நான்தான். காசு கட்டுகிறவன் பெயரில் இருந்தால் பாதுகாப்பு என்று நினைத்தேன். அது பிழை.

பிழை என்று தெரிந்தது போன வருடம். வவுனியாக் கடை ஒன்றில் அதே பெயர், அதே பனைமரப் படத்தோடு வேறு ஆரோ அடித்த பக்கற் தொங்கியது. சின்னம்மா அதை வாங்கிக்கொண்டு நேரே ஒரு சட்டத்தரணியிடம் போனா. பதிவுச் சான்றிதழின் போட்டோக் கொப்பியைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "இதில உங்கட பெயர் இல்லையே அம்மா, நீங்கள் ஆர்?" பதினைந்து வருடம் அடுப்படியில் நின்றவவிடம் கேட்ட கேள்வி. இரவு என்னோடு தொலைபேசியில் கதைக்கும்போது சின்னம்மா கோபப்படவில்லை. "மோனை, நான் இதில ஆரெண்டு ஒருக்கால் கேட்டுச் சொல்லு" என்று மட்டும் சொன்னா. அடுத்த கிழமையே பயணச்சீட்டு எடுத்தேன்.

ஊரில் பலர் ஒரு விசயத்தைக் குழப்பிக்கொள்கிறார்கள். வியாபாரப் பெயர்ப் பதிவு வேறு, வர்த்தகக் குறிப் பதிவு வேறு. பிரதேச செயலகத்தினூடாகச் சின்னம்மா எடுத்து வைத்திருந்தது வியாபாரப் பெயர்ப் பதிவு. இன்ன பெயரில் இன்னார் தொழில் நடத்துகிறார் என்பதற்கு அது அத்தாட்சி, அவ்வளவுதான். அந்தப் பெயரை இன்னொருவர் பக்கற்றில் அடிக்காமல் தடுக்கிற உரிமையை நேரடியாகத் தருவது வர்த்தகக் குறிப் பதிவு. அதைச் செய்வது கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம். சட்டம் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். பதிவு விண்ணப்பத் திகதியிலிருந்து 10 வருடம் செல்லும். பிறகு பத்துப் பத்து வருடமாகப் புதுப்பிக்கலாம்.

மாற்றப் பத்திரம் எழுத நாங்கள் பிடித்த கிளிநொச்சிச் சட்டத்தரணி ஒரு இளம் பெண். தான் எழுதுவது பெரும்பாலும் காணி உறுதிகள்தான், இப்படியொன்று எழுதியதில்லை என்று முதலே சொல்லிவிட்டா. எனக்கு அது பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் தவணை கேட்டு, சட்டத்தை வாசித்து, கொழும்பில் தெரிந்தவர்களிடமும் விசாரித்துவிட்டுத்தான் எங்களைக் கூப்பிட்டா. அன்று அவ விளங்கப்படுத்திய மாதிரி இதுவரை எனக்கு ஒருவரும் விளங்கப்படுத்தவில்லை.

உரிமை மாற்றம் எழுத்தில் இருக்கவேண்டும், இரண்டு தரப்பும் கையெழுத்து வைக்கவேண்டும். வாய்ப்பேச்சோ, வட்ஸ்அப்பில் "இனி உங்கடதான்" என்று அனுப்புவதோ செல்லாது. தொழிலைக் கொடுக்காமல் குறியை மட்டும் கொடுக்கலாம். பதிவிலுள்ள பொருட்களில் சிலவற்றுக்கு மட்டும்கூடக் கொடுக்கலாம். ஆனால் எழுதிக் கையெழுத்து வைத்ததோடு வேலை முடியாது. அலுவலகப் பதிவேட்டில் மாற்றத்தைப் பதியும்வரை வெளியாளைப் பொறுத்தவரை அந்த மாற்றம் நடக்காத மாதிரித்தான். வவுனியாப் பக்கற்காரருக்கு நோட்டீஸ் அனுப்பினால், பதிவேட்டைப் புரட்டுகிறவருக்கு இன்னும் ரொறன்ரோக்காரன்தான் தெரிவான். நான் கண்ணை மூடினால் அந்தப் பெயர் என் பிள்ளைகளுக்குப் போகும். அவர்களுக்குத் தாச்சி எந்தப் பக்கம் பிடிக்கிறதென்றும் தெரியாது.

இன்னொன்றும் சொன்னா. முந்திய வருடம் கொழும்பு வியாபாரி ஒருவர் பெயரை மட்டும் நல்ல விலைக்குக் கேட்டிருந்தார். எங்கள் லேபலில் "வன்னியில் வறுத்து இடித்தது" என்று இருக்கிறது. பொருள் எங்கிருந்து வருகிறது, எப்படிச் செய்யப்படுகிறது என்பதில் வாங்குகிறவர்களை ஏமாற்றுகிற மாதிரி ஒரு மாற்றம் அமைந்தால் சட்டத்தில் அது செல்லுபடியாகாதாம். அந்தக் காசுக்கு நான் ஆசைப்பட்டிருந்தால் சின்னம்மாவுக்கும் துரோகம், வாங்கினவருக்கும் வில்லங்கம்.

ஆருக்கு எழுதுவது என்பதிலும் ஒரு நுணுக்கம் இருந்தது. சின்னம்மாவின் மகள், "கடைப் பெயருக்கே எழுதுங்கோ அண்ணா" என்றா. தனியாள் வியாபாரத்தில் கடைப் பெயருக்குத் தனியாக உயிர் இல்லை. சின்னம்மாவின் பெயருக்குத்தான் எழுதவேண்டும். நாளைக்குத் தாயும் மகளும் 2007 ஆம் ஆண்டின் கம்பனிச் சட்டத்தின் கீழ் ஒரு கம்பனி தொடங்கினால், கம்பனி சட்டத்தில் வேறு ஆள். அப்போது குறியைக் கம்பனிக்குத் திரும்ப மாற்றவேண்டும். ஊறுகாயும் போட யோசிக்கிறார்கள். வர்த்தகக் குறிப் பதிவில் பொருட்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள்: தூள் 30 ஆம் வகுப்பு, ஊறுகாய் 29. அதற்குப் புது விண்ணப்பம் வேண்டும், இந்த மாற்றத்துக்குள் அது வராது.

இழுபறி வந்தது பெயர் எழுத்துகளில். சின்னம்மாவின் பழைய பத்திரங்கள் எல்லாம் 2009 போரில் போய்விட்டன. பிறகு எடுத்த அடையாள அட்டையில் ஆங்கில எழுத்து ஒரு விதம், வியாபாரப் பதிவில் இன்னொரு விதம். இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி முடித்து, கிராம சேவையாளரின் உறுதிப்படுத்தலும் எடுத்தோம். கிராம சேவையாளர் ஒரு தம்பி. மத்தியான வெயிலில் எங்களைக் கண்டதும் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு எழுதித் தந்தார். பிரதேச செயலகத்திலும் முழுதும் தமிழிலேயே அலுவல் முடிந்தது. ஒரு நாளில் மூன்று மேசை, ஒருவரும் "நாளைக்கு வாங்கோ" என்று சொல்லவில்லை.

மனம் நொந்தது அந்தப் பழைய முகவரால். மூன்று மாதமாக மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. மூலச் சான்றிதழ் அவரிடம். பதிவேட்டில் என் விலாசமாகக் கிடந்தது நான் எட்டு வருடத்துக்கு முதல் விட்ட வாடகை வீடு. புதுப்பிக்கவேண்டிய தவணை நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் அவரை விட்டுவிட்டோம். பதிவேட்டை ஆரும் பார்வையிடலாம், கட்டணம் கட்டினால் உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். அதைத்தான் செய்தோம். வெளிநாட்டில் இருக்கிற உரிமையாளர் இலங்கையில் வதிகிற முகவர் ஒருவரை வைத்துத்தான் அலுவல் பார்க்கவேண்டும் என்பதால், என் சார்பில் கிளிநொச்சிச் சட்டத்தரணிக்கே அற்றோணித் தத்துவம், அதாவது எனக்காக அலுவல் பார்க்கிற அதிகாரம், எழுதிக் கொடுத்தேன்.

கையெழுத்து வைக்கிற அன்று ஒரு விசயம் நடந்தது. பத்திரத்தில் விலை என்ற இடம் வெறுமையாக இருந்தது. நன்கொடை என்று போடுங்கோ என்றேன். சின்னம்மா பேனையை மேசையில் வைத்துவிட்டா. "இனாமா எண்டால் எனக்கு வேண்டாம். இது என்ர கைப்பாடு. நீ அண்டைக்குக் கட்டின காசு எவ்வளவு?" நான் தொகையைச் சொல்லவில்லை. மடியிலிருந்து ஒரு பழைய பால்மா ரின்னை எடுத்துத் திறந்தா. ஐந்து ஆயிரம் ரூபாய்த் தாள்கள், நாலாக மடித்தபடி. பிரித்தபோது மல்லியும் வறுத்த செத்தல் மிளகாயும் மணத்தது. மடிப்புகளில் சிவப்பாகத் தூள் ஏறியிருந்தது. சட்டத்தரணி ஒன்றும் பேசாமல் ஐயாயிரம் என்று எழுதினா. பிறகு குறியோடு சேர்ந்த நல்ல பெயரும் கைமாறுகிறது என்ற வரியைச் சத்தமாக வாசித்தா. சின்னம்மா அந்த வரியை மட்டும் இன்னொருதரம் வாசிக்கச் சொன்னா.

அடுத்த நாள் இரவு பஸ்ஸில் மூவரும் கொழும்புக்கு ஏறினோம். அலுவலகம் கொழும்பு 10 இல், டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில். காலை திறக்கும் நேரத்துக்கே போய்விட்டோம். உரிமை மாற்றம், என் விலாச மாற்றம், புதுப்பித்தல் என்று மூன்று வேலை. முடிகிற திகதிக்கு முந்திய 12 மாதத்துக்குள் புதுப்பிக்கலாம். தவறினால் ஆறு மாதச் சலுகை உண்டு, மேலதிகக் கட்டணத்தோடு. எங்களுக்கு அந்தச் சலுகை தேவைப்படவில்லை. கருமபீடத்தில் இருந்த சிங்களப் பிள்ளை சின்னம்மாவைக் கண்டதும் தமிழில், மெதுவாக, "அம்மா, உங்கள் விலாசம் சொல்லுங்கோ" என்றா. சின்னம்மா வீட்டு இலக்கம், வீதி, விசுவமடு என்று ஒவ்வொன்றாகச் சொன்னா. எழுதினதை அவ திருப்பிக் காட்டினபோது கண்ணாடியைப் போட்டு வாசித்தும் பார்த்தா.

வெளிநாட்டில் இந்தப் பதிவுக்குப் பலன் இல்லை. ரொறன்ரோக் கடைகளுக்குத் தூள் அனுப்புவதென்றால் கனடாவில் தனியாகப் பதியவேண்டும். அதையும் சின்னம்மாவின் பெயரிலேயே பதிவதாகப் பேசி முடித்திருக்கிறோம். இலங்கையில் மாற்றம் பதிவேட்டில் ஏறிய கடிதம் இன்னும் வரவில்லை. வரும்போது அது ரொறன்ரோவுக்கு வராது, விசுவமடுவில் சின்னம்மாவின் படலைக்குத்தான் போகும்.