4,700 ரூபாய் போச்சு: சோளக்காட்டுக்குள்ள வழி கண்டுபிடிக்கலாம்னு கூப்பிட்டா நம்பாதீங்க

நேத்து ராத்திரி பூரா தூக்கம் வரலைங்க. எழுதித்தான் ஆகணும்.

உடுமலைப் பக்கம் ஒரு பண்ணை. பேரு போடலை, புகார் குடுத்திருக்கேன். மக்காச்சோளக் காட்டுக்குள்ள வளைஞ்சு வளைஞ்சு பாதை வெட்டி விட்டிருக்காங்களாம், உள்ள போய் வழி கண்டுபிடிச்சு வெளிய வரணுமாம். மேல இருந்து எடுத்த வீடியோ, பச்சைப்பசேல்னு. மாட்டுவண்டி, சுட்ட சோளம், மத்தியானச் சாப்பாடு எல்லாம் சேர்த்துப் பெரியவங்களுக்கு 700, குழந்தைங்களுக்கு 600. நாங்க பெரியவங்க அஞ்சு பேரு, குழந்தைங்க ரெண்டு. மொத்தம் 4,700. திருப்பூர்ல பனியன் கம்பெனி வாரச் சம்பளத்துல ஓடுற குடும்பம் எங்களது.

எங்கம்மா காடு கரையில வேலை பார்த்தவங்க. "மாசி பொறந்தாச்சு கண்ணு, புரட்டாசியில போட்ட சோளம் தையிலேயே கருது ஒடிச்சிருப்பாங்களே, இப்ப எங்க பச்சை?"ன்னு கேட்டாங்க. அதனால பணம் போடறதுக்கு முன்னாடி போன் போட்டு இதையேதான் கேட்டேன். அந்தத் தம்பி, "அண்ணா, நமக்குக் கிணத்துத் தண்ணி இருக்குதுங்க, பிந்தி விதைச்சது, ஆள் உசரம் நிக்குது. நம்மூர்க்காரங்க கிட்டப் பொய் சொல்லுவனுங்களா?"ன்னான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நம்பினேன். போனை வெச்ச கையோட 4,700 போட்டு விட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலையில பல்லடம் வழியாப் போனோம். குடிமங்கலம் தாண்டும்போதே ரோட்டோரக் காடெல்லாம் அறுவடை முடிஞ்சு கிடந்தது. அம்மா ஒண்ணும் பேசலை.

பண்ணையிலும் அதேதான். கருது ஒடிச்சு, சோளத்தட்டு அறுத்துப் போர் போட்டாச்சு. காடு பூரா வெறும் கட்டை. ஒரு மூலையில நாலு பாத்தி அளவுக்குக் காஞ்ச தட்டு நின்னுது, அதுக்கு நடுவுல கயிறு கட்டி வெச்சு, "இதுதாங்க பாதை"ன்னாங்க. ரெண்டே நிமிஷம், வெளிய வந்தாச்சு. சின்னவ செருப்பைத் தாண்டிக் கட்டை குத்தி ரத்தம். மருந்து கேட்டா மஞ்சப்பொடி கூட இல்லை. மாட்டுவண்டிக்கு மாடு சந்தைக்குப் போயிருச்சாம். சாப்பாடுன்னு ஆறிப்போன தக்காளி சாதம்.

கேட்டதுக்கு, "படைப்புழு விழுந்துருச்சுங்க"ன்னாங்க. அந்தப் புழு 2018-ல இருந்து நம்ம விவசாயிகளை என்ன பாடு படுத்துதுன்னு எல்லாருக்கும் தெரியும். உண்மையா நட்டப்பட்டவங்க பேரைச் சொல்லித் தப்பிக்கறது எனக்குத் தாங்கலை. அம்மா அந்தக் காஞ்ச சோளத்தட்டை எடுத்துப் பார்த்துட்டு, "புழு விழுந்தா இலை பூரா ஓட்டை ஓட்டையா இருக்கும். இது நல்லா விளைஞ்ச காடு, ஒடிச்சு வித்துட்டாங்க"ன்னாங்க.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ஓனர் கோயிலுக்குப் போயிருக்காரு. சாயங்காலம் கூப்பிட்டா, திங்கக்கிழமை போட்டு விடறனுங்க. திங்கக்கிழமை, "அக்கவுண்ட் பாக்கறவரு லீவு". செவ்வாய்க்கிழமை, "டிக்கெட்ல பணம் திரும்பக் கிடைக்காதுன்னு இருக்குதே, பாக்கலையா?" டிக்கெட்டே குடுக்கலைங்க, வாட்ஸ்அப்ல ஒரு கட்டைவிரல்தான் வந்துச்சு! பணம் போனது பண்ணை பேர்ல இருக்கற கணக்குக்கும் இல்லை, யாரோ ஒரு தனி ஆள் பேருக்கு. அதை அப்பவே பார்த்திருக்கணும். நேத்து நம்பரையே பிளாக் பண்ணிட்டாங்க.

என்ன செய்யணும்னு விவரமா எழுதலாம்னு உக்காந்தேன், கை நடுங்குது. இவ்வளவுதான்: முழுப் பணத்தையும் முன்னாடியே போடாதீங்க. அன்னைக்கு எடுத்த வீடியோ கேளுங்க, முடிஞ்சா வீடியோ காலில் காட்டச் சொல்லுங்க. பில் இல்லாமப் போகாதீங்க. ஏமாந்துட்டா 1915-க்குக் கூப்பிடுங்க, நுகர்வோர் உதவி எண், தமிழ்லயே பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் வழக்குக்குக் கட்டணம் கிடையாது. ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காதீங்க.

அடுத்த ஞாயித்துக்கிழமைக்கும் அதே பச்சை வீடியோவைப் போட்டிருக்காங்க. இன்னைக்குக் காலையில எங்க சம்சாரம் போன்ல இருந்து பார்த்தேன்.