சால்மன் வறுவல்: எலுமிச்சை மசாலாவா, வடகமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். அந்த 61 நாளும் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கடலூர் முதுநகரில் நல்ல வஞ்சிரம் கண்ணில் பட்டாலும் விலை கையைக் கடிக்கும். அப்படி ஒரு வாரத்தில்தான் புதுச்சேரியில் ஒரு கடையில் உறைய வைத்த சால்மன் வாங்கினோம். 'இந்தியன் சால்மன்' என்று விற்கிற நம்ம காலா மீன் இல்லை. காலா வேறு குடும்பம், வெள்ளைச் சதை. இது பண்ணையில் வளர்த்த அட்லாண்டிக் சால்மன். ஆரஞ்சு நிறம், நடுவில் வெள்ளை வரிகளாகக் கொழுப்பு.

முதல் தடவை வஞ்சிரத்துக்குப் போடுகிற அதே மசாலாதான் போட்டேன்: மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், இஞ்சி பூண்டு விழுது, ஒரு முழு எலுமிச்சை. இரண்டு மணி நேரம் ஊறியது. எடுத்துப் பார்த்தால் ஓரமெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. கல்லில் போட்டதும் வெள்ளை வெள்ளையாகத் திரண்டு வெளியே வந்தது, உள்ளே வறவற என்று இருந்தது. மீன் கெட்டுவிட்டதோ என்றுகூட நினைத்தேன். கெடவில்லை. திரண்டு வந்தது மீனின் புரதம். கூடுதலாக வெந்தாலும் அது வரும்.

அடுத்த வாரம் இன்னொரு பாக்கெட் வாங்கி, பாதிக்கு எலுமிச்சை மசாலா, பாதிக்குத் தாளிப்பு வடகம் என்று பிரித்து, ஒரே கல்லில் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். காரம், நிறம் இரண்டிலும் பெரிய வித்தியாசமில்லை. எல்லாம் புளிப்பில்தான் இருக்கிறது.

எலுமிச்சைச் சாறு மீனை நெருப்பில்லாமலே வேக வைக்கத் தொடங்கிவிடும். வஞ்சிரம் கெட்டிச் சதை, ஒரு மணி நேரம் தாங்கும். சால்மன் மெத்தென்று இருப்பது, தாங்காது. எலுமிச்சைதான் வேண்டும் என்றால் இருபது நிமிடத்துக்கு மேல் ஊற விடாதீர்கள். வடகத்தில் இந்தக் கவலை இல்லை. சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, சீரகம், வெந்தயம் என்று விளக்கெண்ணெய் விட்டுப் பிசறி வெயிலில் காய்ந்த சரக்கு, புளிப்பே கிடையாது. காலையில் தடவி ஃப்ரிட்ஜில் வைத்தால் மதியம் வரை அப்படியே இருக்கிறது. பிரெஞ்சுச் சமையலில் 'வடுவான்' என்று புழங்கும் மசாலாவும் இந்த வடகத்திலிருந்து போனதுதான். புதுச்சேரிக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

செய்முறை: வடகம் இரண்டு ஸ்பூன், ஒரு ஸ்பூன் எண்ணெயில் பொரித்து ஆறவிட்டுக் கொரகொரப்பாக இடிக்கவும். பச்சையாக இடித்தால் கசக்கும், விளக்கெண்ணெய் வாசமும் போகாது. அதோடு மிளகாய்த்தூள் ஒரு ஸ்பூன், உப்பு முக்கால் ஸ்பூன், துளி மஞ்சள். 400 கிராம் மீனுக்கு இது போதும். பாக்கெட்டைப் பிரித்து, மீனை ஒரு டப்பாவில் போட்டு ராத்திரியே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். துணியால் ஈரம் ஒற்றிய பிறகுதான் மசாலா.

தோல் பக்கம் கீழே இருக்கும்படி கல்லில் போட்டு, அடுப்பைக் குறைத்து ஐந்து ஆறு நிமிடம் தொடாமல் விடுங்கள். திருப்பிப் போட்டு இரண்டு நிமிடம். மீனிலிருந்தே எண்ணெய் கசியும், நீங்கள் ஒரு ஸ்பூனுக்கு மேல் ஊற்ற வேண்டாம். தீ கூடினால் வடகத்து வெங்காயம் கருகிவிடும். இந்த ஒரு விஷயத்தில் எலுமிச்சை மசாலா கொஞ்சம் பொறுத்துப் போகும்.

"புளிப்பில்லாம மீன் எப்படிம்மா?" என்று அத்தை கேட்டார். தட்டில் வைத்த பிறகு பிழிந்து கொடுத்தேன். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் சால்மனுக்கு எலுமிச்சை தட்டில் மட்டும்தான்.

நான் செய்ததெல்லாம் இரும்புக் கல்லில். ஓவனில், கரியடுப்பில் வடகம் எப்படி நடந்துகொள்ளும் என்று செய்து பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும். மிஞ்சிய துண்டை மறுநாள் புளிக்குழம்பில் போட்டுப் பார்த்தேன். எண்ணெய் மேலே மிதந்து குழம்பின் ருசியே மாறிப்போனது. குழம்புக்குக் காலா வாங்கிக்கொள்ளுங்கள்.