கர்சர் மட்டும் ஏனுங்க சொன்ன பேச்சு கேக்கறதில்ல?

டெபியன் 13 என்ற லினக்ஸ், அதன்மேல் பிளாஸ்மா 6.3 டெஸ்க்டாப், ஜன்னல்களைத் திரைக்குக் கொண்டுவரும் வேலாந்து, 4கே மானிட்டர். திருப்பூரில் என் ஆர்ட்வொர்க் மேசையில் ஓடுகிறது. பனியன் பிரிண்டுக்குக் கலர் பிரிப்பது, வாஷ்கேர் லேபிள் அடுக்குவது, பையர் அனுப்பும் மங்கலான லோகோவை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் திரும்ப வரைவது, இதுதான் பிழைப்பு. வேகத்தில் குறை இல்லை, தொங்குவதும் இல்லை, பிரிண்டர் செருகியதும் வேலை செய்தது. அதெல்லாம் எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் கர்சரைப் பற்றி எழுதுகிறேன்.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு நின்றதிலிருந்து நம்ம பக்கம் பழைய மெஷின் வைத்திருப்பவர்கள் லினக்ஸை எட்டிப் பார்க்கிறார்கள். பெருமாநல்லூரில் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருத்தர் மாறிவிட்டுப் போன் பண்ணினார். "ஏனுங்ணா, ஒவ்வொரு சாஃப்ட்வேர்லயும் கர்சர் ஒவ்வொரு சைஸ்ல தெரியுதுங்களே, மானிட்டர் கோளாறுங்களா?"

மானிட்டர் நல்லாத்தான் இருக்குது கண்ணு. வேலாந்தில் கர்சர் படத்தைக் கொண்டுவந்து வைப்பது வழக்கமாக டெஸ்க்டாப் இல்லை. சுட்டி எந்த ஜன்னலுக்குள் நுழைகிறதோ, அந்த மென்பொருள்தான். என்ன தீம், என்ன சைஸ் என்று ஒவ்வொன்றும் தானே போய்த் தேடிக்கொள்கிறது. ஒரே கல்யாணத்துக்கு அஞ்சு வீட்டில் தனித்தனியாக நாள் பார்த்த கதைதான். ஜன்னல், பொத்தான் வரையும் டூல்கிட்டான ஜிடிகே 3-ல் எழுதியவை ஜிசெட்டிங்ஸ் என்ற அமைப்புக் கிடங்கைப் பார்க்கும். வேலாந்துக்கு முந்தைய எக்ஸ்11 பக்கம் போனால் எக்ஸ்செட்டிங்ஸ், அதுவும் இல்லையென்றால் செட்டிங்ஸ்.இனி கோப்பு. எக்ஸ்11-க்கு எழுதி, எக்ஸ்வேலாந்து என்ற பாலத்தின் வழியாக வேலாந்தில் ஓடும் பழைய கருவிகளுக்கு யாரும் எதுவும் சொல்லாவிட்டால் 'டீஃபால்ட்' என்ற பெயரில் இருக்கும் தீம்தான் கதி. பிளாஸ்மா பாவம், தன் செட்டிங்ஸில் மாற்றியதை ஜிடிகே பக்கமும் எழுதி வைக்கிறது. ஸ்வே, லேப்டபிள்யூசி மாதிரி வெறும் ஜன்னல் மேலாளர் போட்டவர்களுக்கு அந்த உதவியும் கிடையாது, எல்லாம் கையால்தான்.

சைஸ் இன்னொரு வம்பு. பெரும்பாலான கர்சர் தீம்களில் படங்கள் 24, 32, 48 என்று குறிப்பிட்ட அளவுகளில்தான் இருக்கும். இல்லாத ஒரு அளவைக் கேட்டால், இருப்பதில் பக்கத்து அளவு வரும். அதன்மேல் திரையை 150 சதவீதம் பெரிதாக்கி வைத்திருந்தால் கணக்கு ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒவ்வொரு மாதிரி முடிகிறது. லேபிளில் சலவைக் குறியின் ஓரப் புள்ளியைப் பிடிக்கும்போது கர்சர் திடீரென்று எறும்பு அளவுக்குச் சுருங்கினால் கோபம் வராதா? எனக்கு வருகிறது.

தம்பியின் வீட்டுச் சிக்கல் ஃப்ளாட்பேக், அதாவது மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் அடைத்து ஓட்டும் முறை. அவர் கர்சர் தீமை ஹோமில் இருக்கும் .ஐகான்ஸ் என்ற மறைவு ஃபோல்டரில் வைத்திருந்தார். ஃப்ளாட்பேக் பெட்டிக்குள் ஓடும் மென்பொருளுக்குத் தனி அனுமதி இல்லாவிட்டால் அந்த ஃபோல்டர் கண்ணில் படாது. ஃப்ளாட்பேக் ஓவர்ரைடு கட்டளையில் அந்த ஃபோல்டரைப் படிக்க மட்டும் அனுமதி கொடுக்கச் சொன்னேன். சரியாகிவிட்டது. "இவ்வளவுதானுங்களா?" என்றார். இவ்வளவுதான், ஆனால் எங்கே தேடுவது என்று தெரிந்திருக்க வேண்டும், கடுப்பே அதில்தான்.

நியாயமாகவும் பேசணும். 2023-ல் 'கர்சர் ஷேப்' என்று ஒரு வேலாந்து நெறிமுறை வந்தது. இதில் மென்பொருள் படத்தைக் கொண்டுவராது. "எழுத்துக் குறி வேணும்", "கை வேணும்" என்று பெயரை மட்டும் சொல்லும். வரைவது டெஸ்க்டாப். அதனால் தீமும் சைஸும் ஒரே இடத்தில் முடிவாகிவிடும். பிளாஸ்மா 6-க்கு இது தெரியும். மென்பொருள் பக்கமும் தெரிந்திருந்தால் சண்டையே இல்லை. பழைய டூல்கிட்டில் எழுதியவை பழைய வழியில்தான் போகும். டூல்கிட்டுகளும் மெதுவாகத்தான் நகர்கின்றன: படம் திருத்தும் ஜிம்ப் 2.10 வரை ஜிடிகே 2-வில் இருந்து, 2025 மார்ச்சில் வந்த 3.0-வில்தான் ஜிடிகே 3-க்கு மாறியது. அதற்குள் ஜிடிகே 4 வந்து நாலைந்து வருசம் ஆகியிருந்தது.

பொத்தான், மெனு நிறம் ஒத்துப்போவதைப் பற்றி நான் கவலைப்படுவதை விட்டுவிட்டேன். க்னோம் டெஸ்க்டாப்காரர்களின் லிபட்வைடாவில் எழுதியவை நம் ஜிடிகே தீமைக் கண்டுகொள்ளாது. இருட்டா வெளிச்சமா என்பது மாதிரி ஒன்றிரண்டை மட்டும் கேட்டுக்கொள்ளும். தீம் மாற்றி மாற்றிப் போட்டு மென்பொருள் உடைந்தால் திட்டு வாங்குவது எழுதியவர்தானே, அவர்கள் பக்கமும் ஞாயம் இருக்கு. க்யூட்டி என்ற இன்னொரு டூல்கிட்டின் 5-க்கும் 6-க்கும் தனித்தனியாக ஸ்டைல் பிளகின் போட்டேன், ஓவியம் வரையும் கிரிதாவும் பக்கம் அடுக்கும் ஸ்கிரைபஸும் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டன.

எதிர்பாராத சந்தோசம் ஒன்றும் உண்டு. பிளாஸ்மா 6.1-லிருந்து மவுஸை வேகமாக ஆட்டினால் கர்சர் பூதாகரமாகப் பெரிதாகி "இங்க இருக்கேன்" என்கிறது. பெரிய திரையில் இதைவிட உபயோகமான ஒன்றை நான் பார்க்கவில்லை. எங்கள் மெர்ச்சண்டைசர் பெண் வரும்போதெல்லாம் ஒரு தடவை ஆட்டிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிக்கிறார். ஆட்டினால் அத்தனை அழகாக வளரத் தெரிகிறது, சும்மா ஒரே சைஸில் இருக்கத்தான் தெரியவில்லை.

இப்போது என் மெஷினில் எல்லா ஜன்னலிலும் ஒரே கர்சர், ஒரே சைஸ். வேறு சிஸ்டத்துக்குப் போகும் எண்ணமும் இல்லை. ஆனாலும் ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்தான் போடுவேன். காலையில் ஆன் செய்தால் லாகின் திரையில் இன்னும் வேறு கர்சர் நிற்கிறது. அங்கே லாகினைக் கவனிக்க எஸ்டிடிஎம் என்று தனி ஆள், அதற்குத் தனி அமைப்பு. பிளாஸ்மா செட்டிங்ஸை லாகின் திரைக்கும் போடுவதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது, தெரியும். அமுக்க மாட்டேன். எத்தனை பேருக்குங்க தனித்தனியாகச் சொல்வது?