கிளினிக் பில்லிங் கற்க எந்த வழி: கவுண்டரா, வகுப்பா, சிபிசியா?

சென்னையிலோ கோவையிலோ மெடிக்கல் கோடிங் வேலை (நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீடு போடுவது) பார்த்துவிட்டு, கல்யாணமாகி சிங்கப்பூர் வந்து சேரும் பெண்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அக்கா, நான் சிபிசி பாஸ் பண்ணியிருக்கேன். இங்க எந்த ஆஸ்பத்திரியில கோடர் வேலைக்கு அப்ளை பண்ணலாம்?" சிபிசி என்பது அமெரிக்க மெடிக்கல் கோடிங் சான்றிதழ். இங்கேயே வளர்ந்து, கிளினிக் அசிஸ்டன்ட் வேலைக்குப் போக நினைப்பவர்கள் கேட்பது வேறு: "ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் சும்மா கிடக்கு. எந்தக் கோர்ஸ் நல்லது?" (பயிற்சிக் கட்டணத்துக்கென்று குடிமக்களுக்கு அரசாங்கம் தரும் தொகைதான் அந்த கிரெடிட்.) மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. அதற்கு யாரும் விளம்பரம் கொடுப்பதில்லை. புளோக்குக்குக் கீழே இருக்கும் கிளினிக்கில் சேர்ந்து, கவுண்டரில் நின்றபடியே கற்றுக்கொள்வது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சிங்கப்பூர் கிளினிக்கில் பில் போடத்தான் ஆசை என்றால் என் ஓட்டு கவுண்டருக்கு. மற்ற இரண்டும் வீண் என்று அர்த்தமில்லை, ஆளைப் பொறுத்தது.

காரணம், இங்கே வேலையின் தன்மையே வேறு. அமெரிக்காவில் டாக்டர் செய்த ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு கோடு உண்டு. கோடு தவறினால் இன்ஷூரன்ஸ் பணம் வராது. அதனால் கோடு போடுவதே அங்கே ஒரு தனித் தொழில். இங்கே சாதாரண ஜிபி (பொது மருத்துவர்) கிளினிக்கில் கோடு என்பது திரையில் நோயின் பெயரைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். மண்டையைக் குடைவது அடுத்த கட்டம்: இந்த பில்லில் அரசாங்கம் எவ்வளவு, மெடிசேவ் (மருத்துவச் செலவுக்கான சொந்தக் கட்டாயச் சேமிப்பு) எவ்வளவு, முதலாளியின் இன்ஷூரன்ஸ் எவ்வளவு, நோயாளி கையிலிருந்து எவ்வளவு, எதை முதலில் கழிப்பது.

ஒரு பில்லை எடுத்துப் பார்ப்போம். 58 வயதுக்காரர், சிங்கப்பூர் குடிமகன், ஆரஞ்சு நிற சாஸ் அட்டை, அதாவது கிளினிக் கட்டணத்துக்கான அரசாங்க மானிய அட்டை, வைத்திருக்கிறார். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. மருந்தோடு சேர்த்து பில் 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 2019 நவம்பரில் வந்த சாஸ் அட்டவணையை வைத்துக் கணக்குப் போடுகிறேன். தொகைகள் அவ்வப்போது மாறலாம், கணக்கின் போக்கு மாறாது. நாட்பட்ட நோய் இரண்டு என்பதால் இது 'சிக்கலான' வகையில் சேரும். சாஸ் மானியம் 80 வெள்ளி. மீதி 70. அதில் 15 விழுக்காட்டை, அதாவது 10 வெள்ளி 50 காசை, அவர் ரொக்கமாகக் கட்ட வேண்டும். பாக்கி 59 வெள்ளி 50 காசை மெடிசேவிலிருந்து எடுக்கலாம்.

இப்போது கவுண்டரில் இருப்பவர் அவசரத்தில் நீரிழிவை மட்டும் தட்டிவிட்டு, இரத்த அழுத்தத்தை விட்டுவிடுகிறார் என்று வையுங்கள். கேஸ் 'எளிய' வகைக்கு இறங்கிவிடும். மானியம் 50 வெள்ளிதான். மீதி 100, ரொக்கம் 15, மெடிசேவ் 85. ஒரு பெட்டியில் டிக் போடாததற்கு நோயாளி கொடுத்த விலை 30 வெள்ளி. பில்லைப் பார்த்து அவருக்கு எதுவும் புரியாது, போன தடவையைவிட இந்தத் தடவை ஏன் கூட வருகிறது என்று மட்டும் கேட்பார். அந்த ஆண்டு அவர் எடுக்கக்கூடிய மெடிசேவ் உச்சவரம்பும் இதே வகைப்பாட்டைப் பொறுத்தது. 2021 முதல் எளிய வகைக்கு 500 வெள்ளி, சிக்கலான வகைக்கு 700.

இதோடு முடியவில்லை. அவர் ஹெல்த்தியர் எஸ்ஜி திட்டத்தில், அதாவது ஒரே கிளினிக்கில் பதிந்து தொடர்ந்து பார்க்கும் அரசாங்கத் திட்டத்தில், இதே கிளினிக்கில் பதிந்திருந்தால், நாட்பட்ட நோய்ப் பராமரிப்புக்கு அந்த 15 விழுக்காட்டு ரொக்கம் தேவையில்லை. வேறு கிளினிக்கில் பதிந்துவிட்டு இங்கே வந்திருந்தால் தேவை. நீல நிற அடையாள அட்டை, அதாவது நிரந்தரவாசி என்றால் சாஸே கிடையாது, ஆனால் மெடிசேவ் உண்டு. கம்பெனியின் இன்ஷூரன்ஸ் பேனல் அட்டையோடு வருபவர் என்றால் நடுவில் இருக்கும் கிளெய்ம் நிர்வாக நிறுவனத்தின் தளத்தில் போட வேண்டும். ஒரு கம்பெனிக்கு ஐந்து வெள்ளி கோ-பே (நோயாளி கட்டும் பங்கு), இன்னொன்றுக்குப் பத்து, மூன்றாவதற்கு விட்டமின் மாத்திரை கவர் ஆகாது. திங்கட்கிழமை காலை, எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) வாங்க வந்தவர்கள் வாசல் வரை நிற்கும்போது, இதெல்லாம் மண்டையில் இருக்க வேண்டும்.

கவுண்டர் ஜெயிப்பது இங்கேதான். தள்ளுபடியாகித் திரும்பி வந்த கிளெய்ம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஏன் திரும்பியது என்று தேடிக் கண்டுபிடித்து மறுபடி அனுப்பும்போது படிவது எந்தப் பாடப்புத்தகத்திலும் படியாது. சம்பளமும் முதல் மாதத்திலிருந்தே வரும். தமிழ், ஆங்கிலத்தோடு கொஞ்சம் மலாயோ மாண்டரினோ பேசத் தெரிந்தால் தாத்தா பாட்டிகளுக்கு மெடிசேவ் படிவத்தை விளக்கும் வேலை தானாக உங்களிடம் வந்து சேரும். அந்த விளக்கத்திலேயே பாதி விதிகள் மனப்பாடம் ஆகிவிடும்.

குறை இல்லாமல் இல்லை. கவுண்டரில் நீங்கள் கற்பது அந்த ஒரு கிளினிக்கின் பழக்கம். மூத்தவர் ஒருவர் 'நாங்க எப்பவும் இப்படித்தான் போடுவோம்' என்று காட்டிக்கொடுப்பது விதிப்படி சரிதானா என்று சோதித்துப் பார்க்க உங்களிடம் வேறு அளவுகோல் இருக்காது. இது விளையாட்டுக் காரியமும் இல்லை. 2018இல் விதிமீறிய கிளெய்ம்களுக்காகச் சில பல் கிளினிக்குகளை சுகாதார அமைச்சு சாஸ் திட்டத்திலிருந்து இடைநீக்கம் செய்தது. கிளெய்மில் கையெழுத்துப் பொறுப்பு டாக்டருடையது என்றாலும், தட்டச்சு செய்த கை யாருடையது என்ற கேள்வி வராமல் போகாது. அப்புறம், ஜிபி கிளினிக்கில் மட்டும் இருந்தால் அறுவை சிகிச்சை பில் ஒன்றைக்கூடப் பார்க்காமலே வருடங்கள் ஓடிவிடும்.

அந்தக் குறையை வகுப்பு ஓரளவு நிரப்பும். ஸ்கில்ஸ்ஃபியூச்சர் மானியம் பெறும் கிளினிக் அசிஸ்டன்ட் பயிற்சிகளில் வரவேற்பு, மருந்து எடுத்துக் கொடுப்பது, தொற்றுத் தடுப்பு, தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் எல்லாம் வரும். பில்லிங் அதில் ஒரு பகுதி. மானியம் கிடைக்கும் கோர்ஸில் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கட்டணத்தில் பாதியை அரசாங்கம் ஏற்கிறது, 40 வயதைத் தாண்டிய குடிமக்களுக்கு 70 விழுக்காடு வரை. 2024இல் 40 வயதுக்கு மேற்பட்ட குடிமக்களுக்குக் கூடுதலாகப் போட்ட 4,000 வெள்ளி கிரெடிட்டும் இருக்கிறது. ஆக, பிள்ளைகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகு மறுபடி வேலைக்குக் கிளம்பும் நம் வீட்டு அக்காக்களுக்கு கையிலிருந்து போவது குறைவு. ஆனால் வகுப்பில் உண்மையான நோயாளியின் பதிவைத் திறந்து காட்ட முடியாது, கிளெய்ம் தளத்திலும் நிறுவன அனுமதி இல்லாமல் நுழைய முடியாது. படம் காட்டித்தான் சொல்லித்தர முடியும். வரிசை புரியும், கை பழகாது. டிபென்டன்ட் பாஸில் (இங்கே வேலை பார்ப்பவரின் குடும்பத்தாருக்குத் தரும் அனுமதி) இருப்பவர்களுக்கு இந்த மானியமும் கிடையாது, முழுக் கட்டணம்தான். சேருமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பில்லிங்குக்கு எத்தனை மணி நேரம்? பதில் ஒரு பிற்பகல் என்றால், அது பில்லிங் கோர்ஸ் இல்லை.

இனி சிபிசி. ஊரில் இதற்கு இருக்கும் மவுசு எனக்குத் தெரியும். லைஃப் சயன்ஸ் படித்தவர்களுக்குச் சென்னை, கோவை, திருச்சி என்று கதவு திறந்துவிட்ட சான்றிதழ் அது. தேர்வும் லேசானதில்லை. அமெரிக்காவின் ஏஏபிசி அமைப்பு நடத்துவது; 100 கேள்வி, நான்கு மணி நேரம், 70 விழுக்காடு எடுத்தால்தான் பாஸ். கோடு புத்தகங்களை உள்ளே கொண்டுபோகலாம் என்பதாலேயே கேள்விகள் சுற்றி வளைத்து வரும். அனுபவம் இல்லாமல் பாஸ் செய்தால் பெயருக்குப் பின்னால் 'ஏ' என்று ஒரு வால் ஒட்டிக்கொள்ளும், பயிற்சி நிலை என்பதற்கு.

இவ்வளவு பாடுபட்டு வாங்கியது இங்கே எந்த அளவுக்குச் செல்லும்? நோய்க்கான கோடு, பாதிக்குமேல் செல்லும். அமெரிக்கா பயன்படுத்துவதும் சிங்கப்பூர் மருத்துவமனைகள் பயன்படுத்துவதும் ஐசிடி-10 என்ற உலகளாவிய நோய்க் குறியீட்டுப் பட்டியலாகிய ஒரே வேரிலிருந்து வந்தவை. அங்கே அமெரிக்கக் கிளை, இங்கே 2012 முதல் ஆஸ்திரேலியக் கிளை. சிக்கல் இல்லாத இரண்டாம் வகை நீரிழிவு இரண்டிலும் இ11.9. உயர் இரத்த அழுத்தம் இரண்டிலும் ஐ10. ஆனால் உள்ளே போகப் போகப் பாதை பிரியும். அமெரிக்கக் கோடு ஏழு இலக்கம் வரை நீளும், ஆஸ்திரேலியக் கோடு ஐந்தோடு நின்றுவிடும். எலும்பு முறிவு கேஸில் கடைசியில் (முதல் சிகிச்சைக்கு) 'ஏ'யா, (தொடர் சிகிச்சைக்கு) 'டி'யா என்று யோசித்த பழக்கத்துக்கு இங்கே வேலையே இல்லை. ஆஸ்திரேலியாவுக்கென்று தனிக் கோடிங் விதித் தொகுப்பும் உண்டு, அதை முதலிலிருந்து படிக்க வேண்டும்.

சிகிச்சைக்கான கோடு? அது அறவே செல்லாது. சிபிசி தேர்வின் முதுகெலும்பே சிபிடி என்ற சிகிச்சைக் கோடு பட்டியல். அது அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சொத்து. இங்கே மெடிசேவ், மெடிஷீல்டு லைஃப் (அடிப்படை தேசிய மருத்துவக் காப்பீடு) கிளெய்முக்கு அறுவை சிகிச்சைகளுக்கென்று சுகாதார அமைச்சின் சொந்தப் பட்டியல் இருக்கிறது, டாஸ்ப் என்பார்கள். 1ஏ-யில் தொடங்கி 7சி வரை 21 படிகள். மெடிசேவிலிருந்து அறுவை சிகிச்சைக்கு எடுக்கக்கூடிய தொகை முதல் படிக்கு 250 வெள்ளி, கடைசிப் படிக்கு 7,550. 2018இல் 222 சிகிச்சைகளுக்கு அமைச்சு வெளியிட்ட அறுவை மருத்துவர் கட்டண அளவுகோலும் இந்தப் பட்டியலை ஒட்டியதுதான். மாடிஃபையர் (சிபிடி கோடின் பின்னொட்டு) 25, 59 என்று இரவெல்லாம் உட்கார்ந்து படித்ததை எல்லாம் பரணில் போட வேண்டியதுதான்.

அப்படியென்றால் சிபிசிக்காரர் எங்கே போகலாம்? கிளினிக் கவுண்டரைவிட மருத்துவமனை அவருக்குப் பொருத்தம். இங்கே இரண்டு மேசைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, மருத்துவப் பதிவேட்டுப் பிரிவின் கோடர். நோயாளி டிஸ்சார்ஜ் ஆன பிறகு கேஸ் நோட்டைப் படித்துக் கோடு போடுவது. அரசாங்க மருத்துவமனைகள் 1999இலிருந்து நோயாளிகளை நோய்க் குழுக்களாகப் பிரித்து நிதி பெறும் கேஸ்மிக்ஸ் முறைக்கு வந்துவிட்டதால் இந்த மேசைக்கு மதிப்பு உண்டு. கேஸ் நோட்டைப் படித்து முக்கிய நோய் எது, துணை நோய் எது என்று பிரிக்கும் திறமைதான் இங்கே முதலீடு. சிபிசிக்காரரிடம் அது ஏற்கெனவே இருக்கும். மிச்சத்துக்கு ஆஸ்திரேலியாவின் சுகாதாரத் தகவல் நிர்வாகச் சங்கமான ஹிமா தொலைநிலையில் நடத்தும் கோடிங் பயிற்சி, பட்டியலில் இருக்கும் மற்ற எதையும்விடப் பொருத்தமானது.

இன்னொரு மேசை, பில்லிங். தனியார் நிபுணர் கிளினிக்குகளிலும் இதுதான். குடல் உள்நோக்கிப் பரிசோதனைக்கு ஒருவர் வருகிறார். வெறும் பரிசோதனை என்று இன்ஷூரன்ஸிடம் முன் அனுமதி வாங்கியாயிற்று. உள்ளே போன டாக்டர் ஒரு பாலிப்பைப் பார்த்து அங்கேயே வெட்டி எடுத்துவிட்டார். இப்போது டாஸ்ப் கோடு வேறு, படி வேறு, மெடிசேவ் வரம்பு வேறு. முன் அனுமதிக் கடிதத்தில் இருப்பதும் கிளெய்மில் போவதும் ஒத்துவராது. அறுவைக் குறிப்பைப் படித்து இதைப் பிடிப்பவர்தான் நல்ல பில்லிங் ஆள். எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு: ஒரே சிகிச்சையை இரண்டு மூன்று கோடாக உடைத்துப் போடுவது. அதைப் பார்ப்பதற்கென்றே அமைச்சு 2022இல் கிளெய்ம் நிர்வாக அலுவலகம் ஒன்றைத் தொடங்கியது. இதற்கு மேல், மெடிஷீல்டு லைஃபோடு இணைந்த தனியார் ஷீல்டு திட்டம் விற்கும் ஏழு நிறுவனங்கள், ஒவ்வொன்றின் ரைடர் (கூடுதல் காப்பீடு) விதிகள் வேறு. 2026 ஏப்ரலிலிருந்து விற்கப்படும் புதிய ரைடர்கள் குறைந்தபட்சக் கழிவுத் தொகையை (காப்பீடு தொடங்குமுன் நோயாளி கட்டுவது) ஏற்க முடியாது என்பதால், ஒரே திட்டத்தின் பழைய ரைடர்காரரும் புது ரைடர்காரரும் கவுண்டரில் வேறு வேறு தொகை கட்டுவார்கள். நேற்று அடுத்த வீட்டுக்காரர் ஒன்றும் கட்டவில்லையே என்ற சண்டைக்குத் தயாராக இருங்கள்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு: வேலை பாஸ். 2021 மே மாதத்திலிருந்து டிபென்டன்ட் பாஸில் இருப்பவர்கள் வேலை செய்ய, தொழில் நடத்துபவர்கள் சிலரைத் தவிர, தனி வேலை அனுமதி வேண்டும். 2025 செப்டம்பரிலிருந்து எஸ் பாஸுக்கு (நடுத்தரத் திறனாளர்களுக்கான வேலை பாஸ்) குறைந்தபட்சத் தகுதிச் சம்பளமே 3,300 வெள்ளி, வயது கூடக் கூட அதுவும் ஏறும். புதிதாகச் சேரும் கிளினிக் அசிஸ்டன்டுக்கு அந்தச் சம்பளம் கொடுக்கும் ஜிபி கிளினிக்கை நான் பார்த்ததில்லை. ஆக, டிபென்டன்ட் பாஸில் வந்த தங்கச்சி கவுண்டர் வழியை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அவருக்கு ஆஸ்திரேலியக் கோடிங் படித்துவிட்டு மருத்துவமனைகளுக்கு விண்ணப்பிப்பதுதான் அர்த்தமுள்ள வழி. நிரந்தரவாசம் கிடைத்தபின் கதையே மாறும்.

குடியுரிமையோ நிரந்தரவாசமோ உள்ளவர் என்றால், முதலில் கிளினிக்கில் சேருங்கள், கோர்ஸ் அப்புறம். ஆறேழு மாதம் கவுண்டரில் நின்றபின் அதே வகுப்பில் உட்கார்ந்தால் கேட்பதற்குக் கேள்வி இருக்கும். கட்டணத்தை முதலாளியே ஏற்கவும் வாய்ப்புண்டு, கேட்டுப் பாருங்கள். நிபுணர் கிளினிக்கில் இடம் கிடைத்தால் ஜிபியைவிட அதை எடுங்கள், டாஸ்ப் பழக ஜிபியில் வழி இல்லை. புதிதாக சிபிசிக்குப் பணம் கட்டுவது, ஊருக்குத் திரும்பி அமெரிக்க கிளெய்ம் வேலையைத் தொடரும் எண்ணம் உள்ளவர்களுக்கு மட்டும்.